மைனஸ் எந்தப் பக்கம்? புண் ஆற்றும் மின்கருவியை நாலு மாதம் வைத்துப் பார்த்த கதை

இடுப்பு வலிக்கு என்றால் மூன்று நட்சத்திரம் தரலாம். சர்க்கரைப் புண் ஆறும் என்று நம்பி வாங்குவதானால் ஒன்று, அதுவும் பூஜ்யம் போட வழியில்லாததால். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கருவியை அம்மாவின் காலில் மட்டுமல்ல, என் கடையில் ஸ்கோப்பிலும், அதாவது மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் கருவியிலும், போட்டுப் பார்த்துவிட்டேன்.

எனக்குத் திண்டுக்கல்லில் இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் சர்வீஸ் கடை. மருத்துவம் தெரியாது, கரண்ட் தெரியும். அந்தக் கரண்ட் தெரியும் என்கிற நினைப்புதான் என்னை இதில் மாட்டிவிட்டது.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை பதினேழு வருடமாக. பங்குனி வெயிலில் உச்சி வேளையில் கோவில் பிரகாரத்தை மூன்று சுற்று சுற்றி வந்திருக்கிறார். கல் கொதித்திருக்கும். கூட வந்த அத்தை முதல் சுற்றிலேயே ஓரமாக நிழலுக்கு ஓடிவிட்டார், அம்மாவுக்கு மட்டும் சுடவே இல்லை. அன்றைக்கு அதை அம்மன் அருள் என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம், அது உடைந்து புண், புண் அஞ்சு ரூபாய் காசு அளவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. இரண்டு மாதம் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் பஞ்சு வைத்துக் கட்டிக் கட்டி அனுப்பினார்கள். குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் இந்த விளம்பரம் போனில் வந்தது. கால் படம், நடுவில் சிவப்பாகப் புண், சுற்றிலும் இருந்து நீல அம்புகள் புண்ணை நோக்கி ஓடுகின்றன. உங்கள் உடம்புக்குள் இருக்கும் இயற்கை மின்சாரம் செல்களைக் காயத்துக்கு அழைத்து வருகிறது, எங்கள் மைக்ரோ கரண்ட் கருவி அந்த அழைப்பைப் பலமாக்குகிறது என்று ஒரு குரல். கீழே பொடி எழுத்தில் நேச்சர் இதழில் 2006இல் வந்த ஆய்வு என்று வேறு. நான் தேடிப் பார்த்தேன், அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. சரி, பொய் சொல்லவில்லை என்று நம்பி 6,499 ரூபாய் கட்டினேன்.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. கையடக்கமான ஒரு யூனிட், சார்ஜ் ஏற்றும் வயர், இரண்டு லீட், ஒட்டும் ஜெல் பேட் நாலு செட், சின்னப் புத்தகம். புத்தகத்தில் இடுப்பு, தோள், முட்டி, காயம் என்று நாலு மோடுக்கும் படம் இருந்தது. காயம் மோடில் புண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட் ஒட்டி இருபது நிமிடம், தினம் இரண்டு வேளை. எவ்வளவு வைக்க வேண்டும் என்பதற்கு ஒரே வரிதான்: லேசாகக் குறுகுறுப்பு தெரியும் வரை ஏற்றவும்.

இந்த வரியை எழுதியவர் சர்க்கரைக்காரர்களின் காலைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார். கொதிக்கிற கல்லே தெரியாத காலுக்குக் குறுகுறுப்பு எப்படித் தெரியும்? மூன்றில் வைத்தேன், "ஒண்ணும் தெரியலையேப்பா" என்றார். ஐந்து, எட்டு, பதினொன்று. பதினொன்றில் பாதம் தானாகத் துடிக்க ஆரம்பித்தது, அப்போதும் அம்மா டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது நாள் பேட் ஒட்டிய இடத்தில் சதுரமாகச் சிவந்து, ஒரு மூலையில் தோல் உரிந்திருந்தது. ஒரு புண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போய் இன்னொன்றைச் சேர்த்துவிட்டேன் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

மறுநாள் காலையில் அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். தோல் சிவந்ததைச் சொன்னதும், பேட் காய்ந்திருக்கும் சார், தண்ணி தொட்டு ஒட்டுங்க என்றார்கள். சரி, அதுவும் இருக்கலாம். அப்புறம் எனக்கு இயல்பாக வரும் ஒரு கேள்வியைக் கேட்டேன். இரண்டு லீடில் எது பிளஸ், எது மைனஸ்? வயரில் குறி ஒன்றும் இல்லையே, புண்ணுக்குப் பக்கத்தில் எதை வைக்க வேண்டும்? அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், எத எங்க வேணும்னாலும் ஒட்டலாம், ரெண்டும் ஒண்ணுதான்."

கருவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். ஆனால் அது எவ்வளவு பெரிய பதில் என்று எனக்கே இரண்டு வாரம் படித்த பிறகுதான் புரிந்தது. படித்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் காட்டுகிற அந்த நீல அம்புகள் பொய் இல்லை. அதுதான் இதில் கொடுமை.

நம் தோலே ஒரு பேட்டரி. மேல்தோலின் செல்கள் சோடியம் அயனிகளை வெளியிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கின்றன, அதனால் தோலுக்கு அடியில் பிளஸ், மேற்பரப்பில் மைனஸ். சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம். தோல் முழுசாக இருக்கும் வரை அது நல்ல இன்சுலேஷன், கரண்ட் அதிகம் கசியாது. எங்கேயாவது வெட்டுப்பட்டால் அந்த இடத்தில் பேட்டரி ஷார்ட் ஆகிறது. சுற்றியிருக்கும் தோலுக்கு அடியில் இருந்து கரண்ட் வெட்டுவாயை நோக்கி ஓடி வெளியே கசிகிறது. ஆக, தோலுக்கு அடியில் இருக்கும் ஒரு செல்லுக்குக் காயத்தின் நடுப்பகுதி மைனஸ் பக்கம். தோல் செல்கள் மைனஸ் பக்கம் ஊர்ந்து போகும் குணம் உடையவை. வழி சொல்ல வேறு ஆளே வேண்டாம், வெட்டுப்பட்ட நொடியிலேயே திசைகாட்டி வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பெர்லினில் எமில் துபுவா ரேமோன் என்பவர் 1840களிலேயே தன் கையைத் தானே காயப்படுத்திக்கொண்டு, காயத்திலிருந்து வரும் கரண்டை அளந்திருக்கிறார். அந்தக் காலத்துக் கால்வனோமீட்டரை அவரே கிலோமீட்டர் கணக்கில் மெல்லிய கம்பி சுற்றிச் செய்துகொண்டாராம். டிரான்ஸ்பார்மர் காயில் கையால் சுற்றியவர்களுக்கு இதைப் படித்தவுடன் ஒரு மரியாதை வரும். எனக்கு வந்தது. மைக்ரோ ஆம்பியர் அளவுக் கரண்டைப் பிடிக்க அந்த மனுஷன் அப்படிச் சுற்றியிருக்கிறார்.

அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேல் இதைப் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை போலிருக்கிறது. 1980இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இல்லிங்வொர்த், பார்க்கர் என்ற இருவர், விரல்நுனி துண்டாகிப்போன குழந்தைகளின் விரல் மறுபடி வளரும்போது அதிலிருந்து வரும் கரண்டை அளந்தார்கள். 1982இல் அதே பார்க்கர் இன்னும் இருவரோடு சேர்ந்து கினிப் பன்றியின் முடியில்லாத தோலில் அளந்தார், கட்டுரையின் தலைப்பிலேயே பேட்டரி என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். காயத்தின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு நூறு மில்லிவோல்ட்டைத் தாண்டும் மின்புலம் இருக்கிறது என்று அதில் தெரிந்தது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால், ஒரு பென்சில் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் கொடுத்தால் அதே அளவுதான். ஒரு செல்லின் உயரத்தில் இருந்து பார்த்தால் அது நல்ல சரிவு.

விளம்பரம் சொன்ன 2006 ஆய்வு ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மின் ஜாவோவும் கூட்டாளிகளும் செய்தது. தட்டில் செல்களைப் படலமாக வளர்த்து, நடுவில் கீறி, மின்புலம் கொடுத்தார்கள். சரியான திசையில் கொடுத்தால் செல்கள் கீறலை நோக்கி நகர்ந்து மூடுகின்றன. திசையை மாற்றினால் செல்களும் திரும்பிவிடுகின்றன, கீறல் திறந்துகொள்கிறது. செல்லுக்குள்ளே இந்தத் திசையைக் கேட்டு நடக்க வைக்கும் இரண்டு மரபணுக்களையும் கண்டுபிடித்தார்கள், ஒன்றை எடுத்துவிட்டால் செல் காது மந்தமாகிறது, இன்னொன்றை எடுத்தால் இன்னும் கூர்மையாகக் கேட்கிறது. வேதிப்பொருள்களின் வாசனை பிடித்துத்தான் செல்கள் நகர்கின்றன என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், அந்த வாசனையைக்கூட மீறி இழுக்கும் வலு மின்புலத்துக்கு இருக்கிறது என்று காட்டியது அந்தக் கட்டுரை.

திசையை மாற்றினால் காயம் திறக்கிறது என்கிற இந்த வரி அந்த ஆய்வில் இருக்கிறது, விளம்பரத்தில் இல்லை. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொன்ன பெண்ணுக்கும் அது தெரியாது, பாவம்.

இப்போது ஸ்கோப்புக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு, இரண்டு லீடுக்கும் நடுவில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, காயம் மோடில் வைத்து ஸ்கோப்பை மாட்டினேன். திரையில் வந்தது என்ன? ஒரு நொடிக்கு நூறு துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் மேலே முப்பது வோல்ட், உடனே கீழே முப்பது வோல்ட், இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே அளவு. மல்டிமீட்டரை டிசியில் வைத்துச் சராசரி பார்த்தால் பூஜ்யம். அதாவது சுத்தமான ஏசி, திசை மாறி மாறி ஓடும் கரண்ட்; ஒரே திசையில் ஓடும் டிசி துளியும் இல்லை. ஏசியில் ஏது பிளஸ் மைனஸ்? ஒரு டிசி மோட்டாருக்கு நொடிக்கு நூறு தடவை பேட்டரியை மாற்றி மாற்றி மாட்டினால் அது முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது, நின்ற இடத்தில் உறுமும். நிமிடத்துக்குச் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் ஊரும் தோல் செல், ஒரு மில்லிமீட்டர் தூரம் போகவே பதினாறு பதினேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு ஜீவன், இந்தக் குலுக்கலில் எந்தத் திசையைக் கண்டுபிடிக்கும்?

இன்னொன்று. பெட்டியில் கொட்டை எழுத்தில் மைக்ரோ கரண்ட் என்று போட்டிருக்கிறது. முப்பது வோல்ட் ஒரு கிலோ ஓம் என்றால் முப்பது மில்லி ஆம்பியர். பாலிடெக்னிக் முதல் வருடப் பையன் போடுகிற கணக்கு. மைக்ரோவுக்கும் மில்லிக்கும் ஆயிரம் மடங்கு.

நாலு மோடையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். துடிப்பின் வேகமும் இடைவெளியும் மாறுகின்றன, அவ்வளவுதான். இது வலிக்கு வைக்கிற டென்ஸ் கருவி. பிசியோதெரபி போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டென்ஸ் ஏமாற்று வேலை இல்லை, வலி நரம்பின் செய்தி மூளைக்குப் போகிற வழியில் வேறு நரம்புகளைக் கிளப்பிவிட்டு மறைக்கிற வேலை அது. அதே சரக்குக்குப் புண் படம் ஒட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து மொத்தக் கடையில் சாதாரண டென்ஸ் ஒன்றை விசாரித்தேன், 2,100 ரூபாய் சொன்னார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், மின்சாரம் வைத்துப் புண்ணை ஆற்றும் சிகிச்சை உலகத்தில் இல்லாமல் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வரும் படுக்கைப் புண்ணுக்கு, ஒரே திசையில் துடிக்கும் கரண்டை, எந்த முனை புண்ணின் மேல் என்று பார்த்து, பயிற்சி உள்ளவர்கள் கொடுக்கிறார்கள். படுக்கைப் புண்ணுக்கான சர்வதேச வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அதற்குப் பணம் தருவது என்று 2002இல் முடிவெடுத்தது, ஆனால் முப்பது நாள் முறையான வைத்தியம் பார்த்தும் புண் அசையவில்லை என்றால்தான், அதுவும் வீட்டில் தானாக மாட்டிக்கொள்வதற்குக் கிடையாது. இரண்டு பக்கமும் துடிக்கும் கரண்டை வைத்தும் சில இடங்களில் சோதித்திருக்கிறார்கள், அங்கே ரத்த ஓட்டம் கூடுவதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள், நீல அம்புகளை இல்லை. சர்க்கரைக் கால் புண் என்று வந்தால் சர்வதேச வல்லுநர் குழுவின் வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: முறையான வைத்தியத்தை விட்டுவிட்டு மின்சாரம், காந்தம் என்று போகாதீர்கள்.

ஆராய்ச்சி நின்றுவிட்டது என்றும் அர்த்தமில்லை. சர்க்கரை நோய் உள்ள எலிகளின் கருவிழியில் கீறலிலிருந்து வரும் கரண்ட் சாதாரண எலியை விடக் குறைவாக இருக்கிறது என்று 2016இல் அளந்திருக்கிறார்கள். படித்தபோது அம்மாவின் பேட்டரியும் டவுன் ஆகியிருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றியது. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், சின்ன சிப்பில் வளர்த்த தோல் செல்களுக்கு மில்லிமீட்டருக்கு 200 மில்லிவோல்ட் அளவில் டிசி கொடுத்ததும் கீறல் சுமார் மூன்று மடங்கு வேகமாக மூடியிருக்கிறது, சர்க்கரை நோயைப் போல ஆக்கிவைத்த செல்களிலும்தான். ஆனால் அது சிப். அங்கே எலெக்ட்ரோடைச் செல்லுக்குப் பக்கத்தில் வைப்பதற்கே அத்தனை பாடுபடுகிறார்கள், காரணம் டிசியை உப்புத் தண்ணீரில் விட்டால் ஒரு முனையில் அமிலமும் இன்னொரு முனையில் காரமும் சேர்ந்து செல்லைச் சுட்டுவிடும். யாரும் இதைப் படித்துவிட்டு ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுத்துக்கொண்டு புண் பக்கம் போய்விடாதீர்கள். என் கடைக்கு வரும் ஒரு தம்பி அப்படித்தான் கேட்டான், அதனால் சொல்கிறேன்.

அம்மாவின் புண் ஆறிய கதை வேறு. தோல் உரிந்த அன்றைக்கு மறுநாளே கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சர்க்கரைக் கால் புண்ணுக்கென்றே தனியாகப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முதல் வேலையாகப் புண்ணைச் சுற்றி மரத்துப்போன காய்ப்பு முழுவதையும் கத்தியால் சீவி எடுத்தார். ரத்த ஓட்டம் பார்த்தார், எலும்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார். கருவியைக் காட்டினேன். திட்டவில்லை, சிரித்தார். எலும்பில் சீழ் பிடித்திருந்தால் மேலே கரண்ட் வைப்பது ஆபத்து, உங்கள் நல்ல நேரம் அப்படி இல்லை என்றார். பிறகு பாதத்துக்கு மாவுக்கட்டு மாதிரி ஒன்றைப் போட்டு, புண் இருக்கும் இடத்தில் பாரமே விழாதபடி செய்துவிட்டார். "புண்ணு மேல என்ன வைக்கிறீங்கங்கறது அப்புறம்மா, அது மேல நீங்க நிக்காம இருக்கணும், அதான் மருந்து" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றம், ஊசியாவது போடுவார் என்று எதிர்பார்த்திருந்தார்.

கட்டுப் போடும் முறையும் மாறியது. அதுவரை நாங்கள் புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தோம், எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து அதுதான் வழக்கம். இவர் ஈரப்பதம் போகாத டிரெஸ்ஸிங் வைத்தார். 1962இலேயே ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றியின் தோலில், பாலிதீன் படலம் போட்டு ஈரமாக மூடிய காயம் காற்றில் காய்ந்த காயத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடியதைக் காட்டிவிட்டார். காரணம் பல சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது, கினிப் பன்றித் தோலை அளந்த அதே கூட்டத்தைச் சேர்ந்த ஜாஃபேயும் வேனபிளும் 1984இல் சொன்னது: காயம் காய்ந்தால் கரண்ட் போகிற பாதையும் காய்ந்துவிடும், ஈரம் இருந்தால்தான் அந்த மின்புலம் நிலைக்கும். என் தொழிலில் ஈரம் என்றால் எதிரி. இங்கே ஈரம்தான் வயர். நாலு நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற ஒரு டிரெஸ்ஸிங், நான் 6,499 ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி செய்வதாகச் சொன்ன வேலையைச் சத்தம் போடாமல் செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

பதினோரு வாரத்தில் மூடியது. இப்போது எம்சிஆர் செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்ளேயே நடக்க விடுவதில்லை. அந்த மெத்து ரப்பர் செருப்புக்கே ஒரு கதை இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளைப் பார்த்த பால் பிராண்ட், அவர்கள் காலில் புண் வருவது சதை அழுகுவதால் இல்லை, வலி தெரியாமல் அதே இடத்தை மிதித்துக்கொண்டே இருப்பதால்தான் என்று கண்டு சொன்னார். மாவுக்கட்டைப் பரவலாக்கியதும் மெத்துச் செருப்பைக் கொண்டுவந்ததும் அந்தப் புரிதல்தான். அம்மாவின் காலுக்கும் அதேதான் நடந்திருக்கிறது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. கருவி சும்மாதானே கிடக்கிறது என்று சித்தி கேட்டார், கை வீக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று. சித்திக்கு ஐந்து வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் ஆபரேஷன். கொடுக்கத்தான் எடுத்தேன், அதற்குள் புத்தகத்தைப் புரட்டினேன். கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று இருந்தது. புற்றுநோய் என்ற சொல்லே எங்கேயும் இல்லை. கட்டி இருக்கிற, இருந்த இடத்தின் மேல் இந்த மாதிரிக் கருவியை வைக்கக் கூடாது என்பது பிசியோதெரபி படித்த எவருக்கும் தெரிந்த விதி.

படித்த வரைக்கும், புற்றுநோய் செல்களில் சிலவற்றுக்கும் மின்புலத்தின் திசையைக் கேட்கும் இந்தக் காது இருக்கிறது. லண்டன் இம்பீரியல் காலேஜில் முஸ்தபா ஜாம்கோஸ் குழு 2001இல் எலியின் புராஸ்டேட் புற்று செல்களில் இரண்டு ரகத்தை எடுத்து மின்புலத்தில் வைத்தது. உடம்பெல்லாம் பரவும் ரகம் மைனஸ் பக்கம் ஊர்ந்தது, பரவாத ரகம் கண்டுகொள்ளவே இல்லை. நரம்பு துடிக்கப் பயன்படும், சோடியத்தைச் செல்லுக்குள் விடும் வாயில் ஒன்று பரவும் ரகத்தில் கூடுதலாக வேலை செய்கிறது, பஃபர் மீனின் விஷத்தால் அந்த வாயிலை அடைத்தால் ஊர்வது குறைந்தது. தட்டில் நடந்த சோதனைதான். டென்ஸ் வைத்தால் புற்று பரவும் என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாயிலைப் பற்றிய ஒரு செய்தி நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது: மும்பை டாடா மெமோரியல் தலைமையில் 1,583 மார்புப் புற்று நோயாளிகளிடம் செய்த சோதனையில், கட்டியை வெட்டி எடுப்பதற்குச் சற்று முன் அதைச் சுற்றி, பல் டாக்டர் மரத்துப்போகப் போடுவாரே அந்த லிக்னோகெய்ன் ஊசியைப் போட்டவர்களில் 90.1 சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்குப் பின் உயிரோடு இருந்தார்கள், போடாதவர்களில் 86.4. லிக்னோகெய்ன் அடைப்பதும் சோடியம் வாயிலைத்தான். 2023இல் வெளிவந்தது. மலிவான ஊசி, அதனால்தான் அதற்கு விளம்பரம் இல்லை போல.

சித்தியிடம் கருவி ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். கை வீக்கத்துக்கு அவரைப் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கேட்கச் சொன்னேன், அங்கே அதற்கென்று இறுக்கமான உறையும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். பேட் பிரித்துவிட்டீர்கள், சுகாதாரப் பொருள், திருப்ப முடியாது என்றார்கள். ஸ்கோப் படத்தை அனுப்பினேன், உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மூன்று தடவை அனுப்பினேன், மூன்று தடவையும் அதே நன்றி.

கருவியாகப் பார்த்தால் தரம் மோசமில்லை. பேட்டரி ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் நிற்கிறது, பட்டன்கள் உறுதி, பிரித்துப் பார்த்தேன், சால்டரிங்கும் சுத்தம். குனிந்து குனிந்து இன்வெர்ட்டர் தூக்கி எனக்கு வந்திருக்கிற இடுப்பு வலிக்கு ராத்திரி இருபது நிமிடம் வைத்துக்கொள்கிறேன், காலை வரை கொஞ்சம் தேவலாம். அந்த மூன்று நட்சத்திரம் அதற்குத்தான்.

புண் ஆற்றும் கருவி என்று வேறு கம்பெனி எதையாவது நீங்கள் பார்த்து வைத்திருந்தால், வாங்குவதற்கு முன் அவர்களுக்குப் போன் போட்டு மைனஸ் எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள். சரியான பதில் சொல்கிற ஆள் ஒருவர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், ஸ்கோப் கடையில்தான் இருக்கிறது. ஜெல் பேட் இரண்டு செட் பிரிக்காமல் கிடக்கிறது, இடுப்பு வலிக்காரர் யாராவது திண்டுக்கல் பக்கம் இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன்.